விலைப்பட்டியலில் விடுபட்ட கூலி

 

இன்று மாலை உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு நாளை. அறுபதாம் கல்யாணத்துக்கும் பணி ஓய்வு விழாவுக்கும் இப்போது ஓர் அட்டை அச்சடித்துப் பரிசாகத் தருகிறார்கள். ‘நீங்கள் பிறந்த நாளில் தங்கம் என்ன விலை, அரிசி என்ன விலை, கொட்டகையில் என்ன படம், அன்றைய தலைப்புச் செய்தி என்ன’ என்று அதில் வரிசையாக இருக்கும். அட்டை கைமாறும்போது மண்டபம் முழுவதும் ஒரே பெருமூச்சு: “அடேயப்பா, அது ஒரு காலம்!” அந்தப் பெருமூச்சு நியாயமானதுதானா? கேள்வி அவ்வளவுதான். விடை தேட ஒரு நாள் வேண்டும் அல்லவா? 1969-ஆம் ஆண்டு ஜூலை 21, திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஆடி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நம் நேரக் கணக்கில், மனிதன் நிலவில் கால் வைத்த நாள் அது. விலை, பொழுதுபோக்கு, செய்தி மூன்றுக்கும் அந்த நாளில் நல்ல தீனி இருக்கிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய விலையை மட்டும் தனியே எடுத்து வைத்தால் அது பொய் சொல்லும். அதன் பக்கத்தில் அன்றைய கூலியை எழுதினால்தான் உண்மை பேசத் தொடங்கும். பத்து பைசாவுக்குக் கிடைத்தது என்று கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம்? இன்றைய சம்பளத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அன்றைய கடைத்தெருவுக்குப் போய்விடுகிறோம். அப்படிப் போனால் எவனும் ராஜாதான்! அன்று அந்தக் கடை வாசலில் நின்றவனுடைய பையில் இருந்தது எவ்வளவு? அந்தக் கேள்விக்கு அட்டையில் இடமே இல்லை. அட்டை அச்சடிப்பவரைக் குறை சொல்லவில்லை; பரிசு வாங்குகிறவருக்கு மனக்கஷ்டம் வேண்டாம் என்று விட்டிருப்பார்.

எந்த விலையை நம்புவது? இட்லி என்ன விலை, காப்பி என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கணக்கு வரும். ஊருக்கு ஊர், ஹோட்டலுக்கு ஹோட்டல் வித்தியாசம் இருந்தது, நினைவும் வயதோடு சேர்ந்து விலையைக் குறைத்துக்கொண்டே போகும். ஆகவே அச்சில் ஏறிய விலையிலிருந்து தொடங்குகிறேன். 1968-இல் தபால் கட்டணம் உயர்ந்தது. அதன்படி 1969-இல் அஞ்சலட்டை 10 பைசா, இன்லண்ட் லெட்டர் 15 பைசா, கவர் 20 பைசா. நாடு முழுவதும் ஒரே விலை. பேரம் கிடையாது, கலப்படம் கிடையாது, பதுக்கல் கிடையாது. பத்து பைசாவுக்குக் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குச் சேதி போகும். மலிவா, இல்லையா? மலிவு என்றுதான் வாய் சொல்லும். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த ஆண்டுகளில் ஓர் இந்தியரின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 600, 700 ரூபாய் அளவில் இருந்தது. கணக்குக்கு 650 என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 54 ரூபாய். நாளுக்கு ஒரு ரூபாய் 78 பைசா. ஒருநாள் வருமானம் முழுவதையும் தபால் ஆபீசில் கொடுத்தால் 17 அஞ்சலட்டை வரும். இன்று? 2023-24 கணக்கில் அதே சராசரி வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் அளவில், அதாவது நாளுக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். அஞ்சலட்டையோ 50 பைசா. ஒருநாள் வருமானத்துக்கு 1,000 அட்டைக்கு மேல் வாங்கலாம்! ஐம்பத்தைந்து ஆண்டுகளில் வருமானம் 280 மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அஞ்சலட்டை ஏறியது ஐந்தே மடங்கு. அப்படியானால் அஞ்சலட்டை மலிந்த காலம் எது? இந்தக் காலம்தான். எழுதத்தான் ஆளில்லை! தேவை அற்றுப்போன பிறகு ஒரு பொருள் மலிவாவது விலைவாசியின் ஒரு பழைய குறும்பு. அன்று அது தேவையாக இருந்தது. மகன் ராணுவத்தில், மகள் வெளியூரில் வாழ்க்கைப்பட்டு. அட்டை ஒன்றுதான் வழி. அந்தப் பத்து பைசாவைத் தாய் யோசித்துத்தான் எடுத்தாள்.

அடுத்தது அரிசி. 1967 தேர்தலில் அரியணையைப் புரட்டிய பொருள் அரிசிதான் என்று சொன்னால் மிகையாகாது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலக்கு, ஒரு படி உறுதி என்ற வாக்குறுதியோடு தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அண்ணாவின் அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தது. மாநிலம் முழுவதற்கும் அதை நீட்டக் கஜானா இடம் தரவில்லை. படி என்பது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இப்போது கூலியைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு ரூபாய் 78 பைசா வருமானம், ஒரு ரூபாய்க்கு ஒரு படி. அதுவும் அரசு தன் கையிலிருந்து பணம் போட்டுக் குறைத்த விலைக்கு, இரண்டே இரண்டு ஊர்களில். ஒருநாள் வருமானம் முழுவதும் கொடுத்தாலும் இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான். இன்று கடையில் கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் அதே ஒருநாள் வருமானத்துக்குப் பத்துக் கிலோ கிடைக்கிறது. ரேஷன் கடையில் அரிசிக்கு விலையே இல்லை. ‘ரூபாய்க்கு ஒரு படி’ என்பதை இன்றைய பேரன் கேட்டால் வாய் பிளப்பான். அன்றைய தாத்தாவுக்கோ அது தேர்தலில் போராடிப் பெற வேண்டிய சலுகை. மலிவான காலத்தில் யாராவது அரிசி விலையை வைத்து ஓட்டுக் கேட்பார்களா, சொல்லுங்கள்!

இனி நம் வீட்டுப் பெண்கள் காத்திருக்கும் பொருளுக்கு வருகிறேன். தங்கம்! 1969-இல் பத்து கிராம் 176 ரூபாய் என்று விலைப்பட்டியல்கள் சொல்கின்றன. ஒரு பவுன் 140 ரூபாய்ச் சொச்சம். அட்டையைப் பார்த்ததும் முதலில் வரும் பெருமூச்சு இதற்குத்தான். இங்கே நான் கொஞ்சம் இறங்கிவர வேண்டும். 650 ரூபாய் ஆண்டு வருமானத்துக்கு அன்று 37 கிராம் வாங்கலாம், நாலரைப் பவுன். 2023-24 விலைக்கு இன்றைய ஆண்டு வருமானத்தில் 30 கிராம்தான். நாலு பவுன்கூட இல்லை. ஆக, இதுவரை பார்த்தவற்றில் தங்கம் மட்டும் கூலியை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பாட்டிமார் சொல்வது சரி. என் வாதத்துக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக அதை நான் மறைக்கப்போவதில்லை.

ஆனால் அந்த 176 ரூபாய்க்குள் இன்னொரு கதை இருக்கிறது. அதை அட்டை சொல்லாது. அன்று அரசுகளுக்கிடையே ஓர் அவுன்ஸ் தங்கம் 35 டாலர். லண்டன் சந்தையில் 40 டாலருக்குச் சற்று மேல். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு ஒரு டாலர் ஏழரை ரூபாய். அவுன்ஸ் என்பது 31 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லண்டனில் பத்து கிராம் நூறு ரூபாய் அளவில் நிற்கிறது. நம் கடைத்தெருவில் 176! உலக விலையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு கொடுத்துத்தான் நம் பெண்கள் தாலிச் சங்கிலி வாங்கினார்கள். ஏன்? வெளியிலிருந்து தங்கம் வர வழியடைத்திருந்தார்கள். 1963-இல் நிதி அமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யவே கூடாது என்று ஆணையிட்டார். பொற்கொல்லர் குடும்பங்கள் தொழில் இழந்து தெருவுக்கு வந்தன. பிறகு அது தளர்ந்தாலும் 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கட்டித் தங்கம் தனியார் வீட்டில் இருக்கக் கூடாது என்றது. சட்டம் கதவை அடைத்தால் சரக்கு கடல் வழியே வரும் அல்லவா? அந்த விலை வித்தியாசத்தில்தான் கள்ளக்கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ‘அப்போது தங்கம் மலிவு’ என்று நாம் சொல்லும் அந்த விலையில், கடத்தல்காரனுக்குப் போன பங்கும் சேர்ந்தே இருந்தது.

இந்த இடத்தில் கூர்மையான ஒருவர் எழுந்து கேட்கலாம்: “சராசரி, சராசரி என்கிறீர்களே. மில் முதலாளியையும் மூட்டை தூக்குபவரையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது யாருடைய வருமானம்? ஒருவருடையதும் இல்லையே!” நல்ல கேள்வி. சராசரி பலவற்றை மறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மறைப்பது எந்தப் பக்கத்தை என்று பார்க்க வேண்டும். தஞ்சை மாவட்டத்து வயலுக்குப் போவோம். அங்கே விவசாயத் தொழிலாளிக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. அவருக்குப் பத்து பைசா அட்டையும் தெரியாது, 176 ரூபாய்த் தங்கமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் களத்தில் அளக்கும் மரக்காலும் படியும். நான் சொல்லும் ஜூலை 21-க்கு ஏழு மாதங்களுக்கு முன், 1968 டிசம்பர் 25 இரவு, அதே மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். உயிருக்குப் பயந்து ஓடி ஒரே குடிசைக்குள் ஒளிந்தவர்கள். சங்கம் சேர்ந்து கூலி உயர்வு கேட்டதுதான் அந்த மக்கள் செய்த குற்றம். அவர்கள் கேட்ட உயர்வு எவ்வளவு? அரைப்படி நெல்.

அரைப்படி நெல்! அன்றைய எந்த விலைப்பட்டியலில் இந்த விலை இருக்கிறது? அதே 1969-இல்தான் தமிழக அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்து, விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு நாட்டில் அரைப்படிக்காக உயிர் போகிறது, அதன் பிறகு கூலிக்கு ஒரு சட்டம் தேவைப்படுகிறது என்றால், அந்தக் காலத்தை மலிவான காலம் என்று யார் கணக்கில் சொல்வது? வாங்கும் பக்கத்தில் நின்றவர்களின் கணக்கில்தான். விற்க உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்களின் கணக்கில், அன்று மலிவாகக் கிடந்தது அவர்களுடைய கூலி மட்டுமே. நெல்லை அளந்து தந்தவருக்கு அது மலிவு. அளந்து வாங்கியவருக்கு?

இன்னொரு மறுப்பும் உண்டு; அது வலுவானது. வீட்டுமனை என்ன விலை? மருத்துவக் கல்லூரிக் கட்டணம் என்ன? அன்று நடுத்தரக் குடும்பம் சென்னையில் ஒரு கிரவுண்டு வாங்க முடிந்தது, இன்று முடியுமா? முடியாது. மனை விலை கூலியை எங்கோ பின்னால் விட்டுவிட்டுப் போயிற்று, தங்கத்தைவிட வேகமாக. கட்டணமும் அன்று சொற்பம்தான். அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் அந்தச் சொற்பக் கட்டணத்தைக் கட்டிப் படிக்க எத்தனை இடம் இருந்தது? மருத்துவக் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணலாம். 1971 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 40 பேர் அளவில்தான். அதே ஆண்டு இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அட்டையில் ‘நீங்கள் பிறந்த நாளில்’ என்று போடுகிறோமே, அந்த அட்டையை வாங்க உயிரோடு இருப்பதே அன்று ஓர் அதிர்ஷ்டம்.

விலை குறைவு, சரக்கு இல்லை என்ற நிலையும் இருந்தது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். டெலிபோனுக்கும் அப்படித்தான். ரேஷன் கடையில் சீமெண்ணெய்க்கு விலை குறைவு, வரிசை நீளம். வரிசையில் நின்ற நேரத்தையும் விலையில் சேர்த்தாக வேண்டும், சேர்த்தால் பட்டியல் முழுவதும் மாறிவிடும். இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. வரிசையில் நின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள்.

சரி, பொழுதுபோக்குக்கு வருவோம். அன்று கொட்டகையில் என்ன படம்? மே 1-ஆம் தேதி வெளிவந்த ‘அடிமைப் பெண்’ ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 21 அதற்கு 82-ஆம் நாள். எம்.ஜி.ஆரே தயாரித்து நடித்த படம், கே. சங்கர் இயக்கம்; ஜெய்ப்பூர் அரண்மனைகள், பாலைவனம், சிங்கச் சண்டை. நிலவை அழைத்துப் பாடும் ஒரு பாட்டில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்ற புதிய குரலைத் தமிழ்நாடு கேட்டது. மனிதன் நிலவுக்குப் போன வாரத்தில் ஊரெங்கும் அந்த நிலாப் பாட்டு ஒலித்தது தற்செயல்தான் என்றாலும், நல்ல தற்செயல். நகரத்தில் குளிரூட்டிய தியேட்டர், கிராமத்தில் கீற்றுக் கொட்டகையான டூரிங் டாக்கீஸ். அங்கே தரை டிக்கெட் சில்லறைக் காசு. மணலைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். ரீல் மாற்றும்போது முறுக்கும் சோடாவும் வரும்.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன்? கூலியைப் பக்கத்தில் எழுதினாலும் மலிவாகவே நின்ற பொழுதுபோக்கு அன்று ஏறக்குறைய இது ஒன்றுதான். மற்றவற்றைப் பாருங்கள். ரேடியோ வேண்டுமா? பெட்டிக்குச் சில நூறு ரூபாய் போகட்டும். அதை வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் தபால் ஆபீசில் 15 ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும். பாட்டுக் கேட்க லைசென்ஸ்! சராசரி இந்தியரின் எட்டு நாள் வருமானம் அது. டெலிவிஷனோ டெல்லியைத் தவிர வேறெங்கும் கிடையாது. சென்னைக்கு அது வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். பத்திரிகை படிக்க எழுத்து தெரிய வேண்டும். எழுத்தும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம், சில்லறை இருந்தால் போதும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தது சினிமாக் கொட்டகை. அதனால்தான் அதன் சக்தி அவ்வளவு. அந்த ஜூலையில் கோட்டையில் முதலமைச்சராக அமர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்த மு. கருணாநிதி திரைக்கதை வசனம் எழுதிப் புகழ்பெற்றவர். ‘அடிமைப் பெண்’ணின் நாயகன் 1977-இல் முதலமைச்சரானார். நாயகி ஜெயலலிதா 1991-இல் ஆனார். மணல் மேட்டில் உட்கார்ந்து விசிலடித்தவர்கள், சில்லறைக் காசுக்கு அடுத்தடுத்த இரண்டு அரசியல் சகாப்தங்களை ஒரே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொழுதுபோக்கு என்ற தலைப்பில் அட்டையில் இருப்பதைச் செய்தி என்ற தலைப்புக்கு மாற்றினாலும் தவறில்லை!

செய்திக்கு வருகிறேன். அமெரிக்கக் கலம் நிலவில் இறங்கியபோது இந்திய நேரம் ஜூலை 21 அதிகாலை 1 மணி 47 நிமிடம். ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து நிலவு மண்ணில் கால் வைத்தபோது காலை 8 மணி 26 நிமிடம். காலைத் தாள்கள் அச்சாகி, வண்டியேறி, வாசலில் விழுந்த பிறகு! அப்படியானால் நம்மவர்களுக்குச் செய்தி எப்படிப் போயிற்று? ரேடியோ வைத்திருந்தவர் வீட்டு வாசலில், டீக்கடையில், பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கியின் கீழ். அச்சில் படிக்க மாலைத் தாளுக்கோ மறுநாள் காலைத் தாளுக்கோ காத்திருந்தார்கள். உலகம் அந்தக் காட்சியை நேரலையில் பார்த்தது என்று இன்று எழுதுகிறார்கள். எந்த உலகம்? தமிழ்நாட்டில் ஒருவர்கூட அதை நேரலையில் பார்த்திருக்க முடியாது. அதே நாள் இரவு சோவியத் நாட்டின் ஆளில்லாக் கலமான லூனா 15 நிலவில் மோதி நொறுங்கியது. பந்தயம் அத்தோடு முடிந்தது.

நிலவுச் செய்திக்கும் அரிசி விலைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. நிலவுக்குக் கலம் அனுப்பிய அதே அமெரிக்காவிலிருந்துதான் கப்பல் கப்பலாகக் கோதுமை நமக்கு வந்துகொண்டிருந்தது. 1966-இல் நாம் வெளியிலிருந்து வாங்கிய தானியம் ஒரு கோடி டன் அளவு. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. கப்பல் வர வர வயிறு நிறையும் என்ற பிழைப்பு. 1969-இல் இறக்குமதி குறையத் தொடங்கியிருந்தாலும் நிற்கவில்லை. ரூபாய்க்கு ஒரு படி ஏன் இரண்டு ஊரோடு நின்றது என்பதற்கு விடை கஜானாவில் பாதி, வயலில் பாதி. விளைச்சல் போதவில்லை. அரிசி விலை என்பது ஒரு நாட்டின் விளைச்சலும் அதன் கையிருப்பும் அதன் கடனும் சேர்ந்து எழுதும் எண். தனியாக அதற்கு அர்த்தமே கிடையாது.

அந்த நாளின் பெரிய செய்தி நிலவுதானா? இரண்டு நாள் முன்னால், ஜூலை 19 சனிக்கிழமை இரவு, பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் பேசினார்: 14 பெரிய வங்கிகள் அரசுடைமை ஆகின்றன. 50 கோடி ரூபாய்க்குக் குறையாமல் வைப்புத்தொகை வைத்திருந்த வங்கிகள் அவை. நம் மண்ணில் பிறந்த இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் அடக்கம். தங்கத்துக்குக் கட்டுப்பாடு போட்ட அதே மொரார்ஜியிடமிருந்து மூன்று நாள் முன்பு நிதித்துறை பறிக்கப்பட்டிருந்தது. அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்ட தற்காலிகக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி மறுநாளே பதவி விலகி, குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கப் புறப்பட்டார். 21-ஆம் தேதி திங்கட்கிழமை நாடாளுமன்றம் கூடுகிறது. அன்றே இந்த அவசரச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் மனுவும் போடப்படுகிறது. மனுதாரர்களில் ஒருவர் ஆர்.சி. கூப்பர், ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியைச் சேர்ந்தவர். மேலே நிலவில் இரண்டு பேர் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அதே நாளில், கீழே டெல்லியில் இத்தனை நடந்தது.

இங்கே ஒருவர் என்னை மடக்கலாம். “பின்னால் நடந்தது உமக்குத் தெரியும், அந்தத் தெளிவை வைத்துக்கொண்டு அன்றைய மனிதரை எடைபோடுகிறீர். இன்றைய சம்பளத்தோடு அன்றைய கடைக்குப் போகிறவரும் நீரும் ஒன்றுதானே?” ஒன்றல்ல என்று நினைக்கிறேன். அன்றைய விலையை அன்றைய கூலியால் அளக்கச் சொல்கிறேன்; அன்றைய செய்தியை அன்றைய வீட்டுக் கணக்கால் அளக்கச் சொல்கிறேன். நிலவில் கால் வைத்ததைக் கேட்டு அன்று கைதட்டியது இயல்பு. நானும் அதைக் குறைக்கவில்லை. மனித குலத்தின் பெரும் சாதனை அது. ஆனால் பவுன் 140 ரூபாய் கொடுத்து வாங்கிய தங்கத்தை, ஆடி மாத விதைப்புச் செலவுக்கு எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்டால், நிலவுச் செய்தியில் அதற்குப் பதில் இல்லை. வங்கிச் செய்தியில் இருக்கிறது.

1969 ஜூனில் இந்தியா முழுவதும் இருந்த வங்கிக் கிளைகள் எட்டாயிரத்துச் சொச்சம். ஏறக்குறைய 65,000 பேருக்கு ஒரு கிளை. அதிலும் பெரும்பாலானவை நகரங்களில். கிராமத்து வீட்டில் அவசரம் என்றால் நகை போன இடம் வட்டிக்கடை. அடகு வைத்தவர் எழுத்து தெரியாதவர். சீட்டில் எழுதிய வட்டியும் வாயால் சொன்ன வட்டியும் ஒன்றுதானா என்று பார்க்க அவரால் முடியாது. மீட்க முடியாமல் மூழ்கிய நகைகள் எத்தனை! உலக விலையைவிட முக்கால் பங்கு கூடுதலாகக் கொடுத்து வாங்கியது, வட்டிக்கு வட்டி ஏறி, பாதி விலைக்குப் போயிற்று. தங்கத்தின் விலையும் எழுத்தறிவும் வங்கியும் ஒரே வீட்டுத் திண்ணையில் வந்து கூடுகிற இடம் அது. அட்டையில் அவை தனித்தனிக் கட்டங்களில் இருக்கின்றன.

ஜூலை 21 அன்று தொடங்கிய அந்த வழக்கில், 1970 பிப்ரவரி 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வங்கி அரசுடைமைச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நான்கே நாளில், இழப்பீட்டைத் திருத்திப் புதிய அவசரச் சட்டம் வந்தது. வங்கிகள் அரசிடமே நின்றன. 1990-இல் நாட்டில் வங்கிக் கிளைகள் 60,000 அளவுக்கு வளர்ந்திருந்தன. அவற்றால் வாராக்கடன் பெருகியது, அரசியல் தலையீடு நுழைந்தது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறைகளில் உண்மை இருக்கிறது. ஆனால் நகைக்கடன் கேட்டு ஊர்ப்புறக் கிளையின் கவுண்டரில் நின்ற பெண்ணுக்கு, அச்சடித்த சீட்டும் அதில் எழுதிய ஒரே வட்டியும் கையில் கிடைத்தன. 1969-இல் பவுன் என்ன விலை என்று அவரிடம் கேட்டால் ஒருவேளை மறந்திருப்பார். மீட்டு வந்த சங்கிலி எந்த ஆடியில் உள்ளே போயிற்று, எந்தத் தையில் வெளியே வந்தது என்பதைத் தேதியோடு சொல்வார்.